மூதேவி என்று பேர் வாங்கிய என் அக்காளுக்கு

என்னைச் சுமந்து சுமந்து இடுப்பு காய்த்துப்போன என் அருமை அக்காளுக்கு,

உன் தங்கை எழுதுவது. வருகிற பங்குனியோடு நீ போய் ஒரு வருஷம் ஆகிறது. இந்த ஒரு வருஷத்தில் உனக்காக நான் ஒரு நாள்கூட வாய்விட்டு அழவில்லை. அழ விடவில்லை. அம்மை கண்டு போன உயிரை அம்மன் கொண்டுபோனாள் என்றுதான் சொல்ல வேண்டுமாம். அதற்கு ஒப்பாரி வைத்தால் அவளுக்குக் கோபம் வந்து, அதே வீட்டில் இன்னொரு தலையைத் தொடுவாளாம்.

உன்னைப் புதைத்துவிட்டார்கள் என்று தெரியாமல், ஸ்ரீவில்லிபுத்தூரில் அண்ணன் வீட்டு வாசலில் வண்டியை விட்டு இறங்கி "அக்கா" என்று வாயெடுத்தேன். மதினி ஓடி வந்து தன் முந்தானையால் என் வாயைப் பொத்தினாள். "அழுவாதட்டி, வீட்டுல பிள்ளைக இருக்கு" என்றாள். அவளை நான் என்ன குற்றம் சொல்ல? அந்த நிமிஷம் என் பிள்ளைகளை நினைத்துத்தான் நானும் வாயை மூடிக்கொண்டேன்.

அதனால் காகிதத்தில் அழுகிறேன். இங்கே சத்தம் வராது. மாதா மாதம் என் வீட்டுக்கு வருகிற பெண்கள் பத்திரிகைக்கு இதை அனுப்பப் போகிறேன். உனக்கு எழுத்துத் தெரியாது. எனக்கும் யாரும் உட்காரவைத்துச் சொல்லித் தரவில்லை. அண்ணன் பாடம் ஒப்பிக்கிறதை அடுப்படியிலிருந்து கேட்டு, சாம்பலைப் பரப்பி விரலால் எழுதிப் பழகினேன். பாத்திரம் துலக்க நீ அந்தச் சாம்பலை அள்ள வருவாய். "ஏட்டி, எந்த எழுத்த மொதல்ல அள்ளட்டும்?" என்று கேட்டுவிட்டு அள்ளுவாய். நீ இருக்கிற இடத்தில் இதை உனக்கு வாசித்துக் காட்ட யார் இருக்கிறார்கள், அக்கா?

நாலு பேர் படிக்கப்போகிறார்கள் என்பதால் உன்னைப் பற்றி அவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். கோபித்துக்கொள்ளாதே. ஏழு வயதில் உன்னைத் தளவாய்புரத்து மாப்பிள்ளைக்குக் கட்டிவைத்தார்கள். மாப்பிள்ளைக்குப் பன்னிரண்டு. அந்த வருஷமே அவர் வாந்திபேதியில் போய்விட்டார். நீ அந்த ஊர் மண்ணை மிதித்ததுகூட இல்லை. தாலியைக் கழற்றியபோது, கழுத்தில் போட்ட சாமானைப் பிடுங்குகிறார்கள் என்று அழுதாயாம். அம்மா இதைச் சொல்லும்போதெல்லாம் அடுப்பை ஊதுகிற சாக்கில் கண்ணைத் துடைத்துக்கொள்வாள்.

பிறகு வெள்ளைச் சேலை. பூ கிடையாது, வளையல் கிடையாது. காலையில் அண்ணன் செருப்பை மாட்டுகிற சத்தம் கேட்டால் நீ கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொள்வாய். தப்பித் தவறி எதிரே வந்துவிட்டால் அவர் திரும்ப வந்து உட்கார்ந்து, ஒரு செம்புத் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் கிளம்புவார். அண்ணன் கெட்டவர் இல்லை. வழக்கம் அப்படி. எதிர்வீட்டுச் சித்தி மட்டும்தான் அதை வாய்விட்டுச் சொல்வாள்: "என்னட்டி, ஒங்க வீட்டு மூதேவி முழிச்சாச்சா?"

மடவார் வளாகம் போகிற வழியில், கண்மாய்க் கரையில் ஒரு கல் சாமி பாதி புதைந்து கிடக்குமே, நினைவிருக்கிறதா? தொங்கின வயிறு, தடித்த உதடு. ஒரு பக்கம் மாட்டுமுகத்தோடு ஒரு பிள்ளை, மறுபக்கம் ஒரு பெண். தலைக்குப் பக்கத்தில் காக்கை, கையில் துடைப்பம். சீதேவிக்கு மூத்தவள், மூதேவி. போகிற வருகிற பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு அதன்மேல் துப்பிவிட்டுப் போவார்கள். ஒரு நாள் நீ குடத்துத் தண்ணீரைச் சாய்த்து அந்த எச்சிலைக் கழுவினாய். பின்னால் வந்த எதிர்வீட்டுச் சித்தி பார்த்துவிட்டாள்.

"அடிப் பாவி, அது யாருன்னு தெரியுமாட்டி? மூதேவி! தொட்டா ஒட்டிக்கிடும்."

"எங்கிட்ட இருந்து அவளுக்கு ஒட்டாம இருந்தாச் சரி, சித்தி."

"வாயப் பாரு வாய! தொடப்பத்தத் தூக்கி வச்சுக்கிட்டு, உக்காந்த எடத்த விட்டு எந்திரிக்காத சோம்பேறி அவ. அவளுக்குப் போயி அபிசேகமா?"

"சோம்பேறி கையில தொடப்பம் எதுக்கு சித்தி? வீட்டக் கூட்டி முடிச்சிட்டு, இடுப்பு வலிக்குன்னு செத்த நேரம் உக்காந்திருப்பா. அந்நேரம் பாத்து கல்தச்சன் செதுக்கிப்புட்டான்."

சித்திக்கே சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தது தெரியக்கூடாது என்று வேகமாக நடந்தாள். விடிந்ததிலிருந்து மூன்று கட்டு வீட்டையும் தனியாகக் கூட்டிவிட்டு வந்தவள் நீ. நான் அப்போது சிரிக்கத்தான் சிரித்தேன்.

கோயிலில் கதை சொல்கிறவரிடம் கேட்டு வந்து ஒரு தடவை உனக்குச் சொன்னேன். பாற்கடலைக் கடைந்தபோது மூத்தவள்தான் முதலில் வந்தாள். அவளை யாரும் ஏற்கவில்லை. பிறகு சீதேவி வந்தாள். பெருமாள் கைப்பிடிக்க வந்தபோது, "என் அக்காளுக்கு முதலில் ஒரு வழி பண்ணுங்கள்" என்றாளாம். யாரோ ஒரு முனிவருக்குக் கட்டிக்கொடுத்தார்கள். அவர் இவளோடு குடித்தனம் நடத்த முடியாமல் அரசமரத்தடியில் உட்காரவைத்துவிட்டுப் போனவர் திரும்பவே இல்லை. மூத்தவள் அழுத அழுகையைப் பொறுக்காமல் சனிக்கிழமைதோறும் சீதேவி அவளைப் பார்க்க அந்த மரத்தடிக்கு வருகிறாள். அதனால்தான் அன்றைக்கு மட்டும் அரசமரத்தைத் தொடலாம் என்கிறார்கள்.

நீ முறத்தைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாய். "சீதேவி பரவாயில்லட்டி. வாரத்துக்கு ஒருக்கா வாரா. நீ கல்யாணங் கட்டிப் போன பொறவு வருவியா?"

"வாரேன்க்கா" என்றேன். கல்யாணமாகி இராஜபாளையம் வந்தேன். விடியுமுன் வண்டி கட்டினால் வெயில் ஏறுமுன் உன்னிடம் வந்துவிடலாம். வருஷத்துக்கு ஒரு தடவை வந்தேன்.

நான் எல்லாவற்றுக்கும் கணக்கு வைக்கிறவள் என்று நீ கேலி செய்வாயே. போன மாதம் என் பழைய நோட்டுகளைப் புரட்டினேன். யார் வந்தார்கள், யாருக்கு என்ன சமைத்தேன் என்று ஒரு நாள் விடாமல் எழுதியிருக்கிறேன். பத்து வருஷத்தில் உன்னை நான் என் வீட்டுக்கு அழைத்தது நான்கு தடவை. மூன்று, வீட்டில் யாராவது படுக்கையில் விழுந்த சமயங்கள். ஒன்றுதான் நல்ல நாள்.

அந்த நல்ல நாளைத்தான் நினைக்க முடியவில்லை. என் மகள் வடிவுக்குக் காதுகுத்து. நீ பனங்கற்கண்டு ஒரு ஓலைக்கொட்டான் நிறையக் கட்டிக்கொண்டு வந்தாய். கூடத்தில் சொந்தமெல்லாம் உட்கார்ந்திருந்தது. என் மாமியார் உன்னைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. நான்தான் உன் கையைப் பிடித்துப் பின்பக்கம் கூட்டிப்போனேன். "அக்கா, செத்த நேரம் தொழுவுல இரேன். காது குத்தி முடிச்சதும் கூப்புடுதேன்."

"அதுக்கென்னட்டி. மாடு என்னையக் கண்டா மூஞ்சத் திருப்பாது" என்றாய்.

பந்தி முடிந்து பாத்திரம் ஒதுக்கும்போதுதான் உன்னை நினைத்தேன். நீ வைக்கோலை உதறிப் போட்டுத் தொழுவத்தைக் கூட்டிப் பெருக்கி வைத்திருந்தாய்.

இதெல்லாம் நடந்து ஆறு மாதத்தில் வடிவுக்கு அம்மை போட்டது. எனக்கு அப்போது கையில் பால்குடிக் குழந்தை. அத்தை, என் மாமியார், வாசலில் வேப்பிலையைச் செருகிவிட்டு என்னிடம் வந்தார். "பிள்ளகுட்டிக்காரிக நாம கிட்டக்கப் போவக்கூடாது தாயி. உங்க அக்காளுக்குச் சொல்லி விடு. அவளுக்கு என்ன போவப்போவுது?"

அக்கா, அந்தப் பேச்சுக்கு நான் மறுபேச்சுப் பேசவில்லை. வண்டிக்காரனிடம் சொல்லி அனுப்பினேன். உனக்கு என்ன போகப்போகிறது என்று நானும்தான் நினைத்தேன் போலிருக்கிறது.

அன்றைக்கு மத்தியானமே வந்தாய். பழக்கத்தில் பின்வாசலுக்குத் திரும்பியவளை அத்தை தடுத்து, "இந்த வழியா வா தாயி" என்றார். என் வீட்டுத் தலைவாசலில் நீ நுழைந்தது அதுதான் முதல் தடவை. தெலுங்கு பேசுகிற அடுத்த வீட்டு அம்மாகூட "தல்லி, தல்லி" என்று தெருவில் நின்றபடியே கும்பிட்டார். தாயே என்று அம்மனைத்தான் கும்பிட்டார். ஆனால் அந்நேரம் வாசலில் நின்றது நீ.

கதவிடுக்கு வழியாக உன்னைப் பார்த்துக்கொண்டிருப்பேன். வேப்பிலைப் படுக்கையில் பிள்ளை புரளும். நீ வேப்பங்கொத்தால் வருடிக்கொண்டே அம்மனோடு பேசுவாய், வீம்பு பிடிக்கிற பிள்ளையோடு பேசுகிற மாதிரி. "ஏ ஆத்தா, நீ வெளையாடு, யாரு வேண்டாங்கா. கண்ணுல மட்டும் எறங்காத. அதுக்கு ஒரு சடங்கு, ஒரு கல்யாணம் இருக்கு. ஒனக்கு எடம் பத்தலன்னா இந்தா நான் இருக்கேன், இம்புட்டு ஒடம்பு சும்மாதான கெடக்கு."

ஒவ்வொரு நாளுக்கும் சுவரில் கரிக்கோடு போட்டேன். பதினோரு கோடு. தலைக்கு மூன்று தண்ணீர் ஊற்றி, வடிவு எழுந்து உட்கார்ந்து பழையசோறு கேட்டாள். அன்று சாயங்காலம் உன் கண் சிவந்திருந்தது. உடம்பு அனலாகக் கொதித்தது.

"பொறந்த வீட்டுக்குப் போறேன்ட்டி. ஒன் வீட்டுல ஆத்தா ரெண்டு தடவ எறங்கக் கூடாது" என்றாய். இங்கேயே இரு என்று நான் சொல்லவில்லை. கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு தள்ளி நின்றேன். வண்டியில் ஏறி உட்கார்ந்து, குழந்தையைக் கொண்டு உள்ளே போ என்று நீ கையை ஆட்டினாய். எட்டாம் நாள் செய்தி வந்தது.

இந்த வருஷம் முழுக்க அந்தக் கரையில் கிடக்கிறவளைப் பற்றி யோசித்துக்கொண்டிருக்கிறேன். பயங்கரமான தெய்வம் என்றால் மாரி இல்லையா? காளி இல்லையா? ஒருத்தி கண்ணைப் பறிக்கிறாள், ஒருத்தி ரத்தம் கேட்கிறாள். அவர்களை அம்மா, ஆத்தா என்கிறோம். கூழ் ஊற்றுகிறோம், கிடா வெட்டுகிறோம். மூதேவி யார் உயிரை எடுத்தாள்? எதைக் கேட்டாள்? கோபப்படத் தெரிந்தவளுக்குக் கோயில் கட்டினோம். கோபப்படத் தெரியாதவள்மேல் துப்பினோம். அக்கா, நீயும் ஒரே ஒரு நாள் கோபப்பட்டிருக்கக் கூடாதா? காதுகுத்து அன்றைக்கு அந்தக் கற்கண்டை என் முகத்தில் எறிந்திருக்கக் கூடாதா?

இனி ஊர்ச் செய்தி சொல்கிறேன். மதினிக்கு இந்த வருஷம் உண்டான கரு தங்கவில்லை. கறவை மாடு வற்றிவிட்டது. தை பிறந்ததும் அண்ணன் கோடாங்கியை வரவழைத்துக் குறி கேட்டார். அவன் உடுக்கையடித்து, "இந்த வீட்டுக் கன்னி ஒருத்தி வாசல்ல நிக்கா. உடுத்தச் சேலை கேக்கா" என்று சொல்லிவிட்டான்.

உனக்குத்தான் தெரியுமே, நம் வீட்டில் கன்னியாகச் செத்தவளுக்கும் சுமங்கலியாகச் செத்தவளுக்கும் வீட்டுத் தெய்வத்தின் ஓலைப்பெட்டியில் இடம் உண்டு. புதுச்சேலை, வளையல், மஞ்சள் எல்லாம் வைத்து வருஷா வருஷம் கும்பிடுவார்கள். கைம்பெண்ணுக்கு அந்தப் பெட்டியில் இடமில்லை. நல்ல நாளில் அவள் பேரையும் எடுக்க மாட்டார்கள். நம் வீட்டில் கன்னி என்று வேறு யாரும் செத்ததில்லை. நீ கன்னியா, கைம்பெண்ணா? இதுதான் கேள்வி. எனக்கு ஆள் வந்தது, அன்றைக்கே கிளம்பினேன்.

கிளம்புமுன் ஜவுளி மூட்டை கொண்டுவருகிற ராவுத்தரை நிறுத்திச் சேலை கேட்டேன். "யாருக்குத் தாயி?" என்றார். "எங்க அக்காளுக்கு" என்றேன். "அக்கா செவப்பா, மாநெறமா? எந்த நெறம் எடுப்பா இருக்கும்?" என்று கேட்டார். உன்மேல் வெள்ளையைத் தவிர வேறு நிறத்தை நான் பார்த்ததே இல்லையே. அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "சரி தாயி, அரக்கு எல்லாருக்கும் நல்லாருக்கும்" என்று எடுத்துக் கொடுத்தார்.

கூடத்தில் ஆண்கள் பேசினார்கள். பெரியப்பா ஒரே பிடியாக நின்றார். "தாலி ஏறுனா ஏறுனதுதாம்லே. அறுத்தவளுக்குப் பெட்டியில சேலை வச்சா குலம் வெளங்குமா?"

"அவ ஒரு நாள்கூட அவிய வீட்டுக்குப் போகலியே பெரியப்பா" என்றார் அண்ணன். உனக்காக அவர் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

நான் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு சொன்னேன்: "அவளுக்குப் புருசன் மொகமே தெரியாது. எங்கிட்டயே சொல்லியிருக்கா."

"யாருலே அது பொட்டச்சி, ஆம்பளைக பேசுற எடத்துல?" என்றார் பெரியப்பா. கடைசியில், கொண்டுபோனவளையே கேட்டுவிடலாம், மாரியம்மன் சன்னிதியில் பூக்கட்டிப் பார்க்கலாம் என்று முடிவாயிற்று. இரண்டு இலைப் பொட்டலம். ஒன்றில் சிவப்பு அரளி, ஒன்றில் வெள்ளை அரளி. குழந்தை ஒன்றை எடுக்க வேண்டும். சிவப்பு வந்தால் கன்னி. வெள்ளை வந்தால் இல்லை. பூக்கட்ட வேண்டியது கூடப் பிறந்தவள். எடுக்க வேண்டியது வடிவு.

இதை இதுவரை யாரிடமும் சொல்லவில்லை. என் மடியில் இரண்டு சிவப்பு அரளி ஒளித்து வைத்திருந்தேன், அக்கா. இரண்டு பொட்டலத்திலும் சிவப்பையே கட்டிவிடுவது என்று வழியெல்லாம் மனசைத் திடப்படுத்திக்கொண்டு போனேன். பூசாரி விளக்கைத் தூண்டத் திரும்பினார். அதுதான் சமயம். நிமிர்ந்து அம்மனைப் பார்த்தேன். வெள்ளிக் கண்மலர் இரண்டும் என்னையே பார்த்தன. வடிவு என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். என்னை ஏமாற்றுகிறாயா, உன் பிள்ளையை நான் திரும்பிப் பார்க்கட்டுமா என்று அம்மன் கேட்கிற மாதிரி இருந்தது. என் கை தானாக ஒரு சிவப்பை மடியில் நழுவவிட்டு, வெள்ளையை எடுத்துக் கட்டியது.

வடிவு எடுத்துக் கொடுத்தாள். பூசாரி இலையைப் பிரித்தார். வெள்ளை.

பிள்ளைக்கு என்ன தெரியும்? முகமெல்லாம் சந்தோஷமாக, "அம்மா, பெரியம்மா சேலை நெறம்!" என்றாள்.

"அம்மனே சொல்லிட்டா" என்று பெரியப்பா துண்டை உதறித் தோளில் போட்டார். மதினிதான் சேலையை என்னிடம் திருப்பிக் கொடுத்தாள். கொடுக்கும்போது அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. சாமிக்கு என்று வாங்கி, சாமி வேண்டாம் என்ற சேலையை யாரும் உடுத்தக்கூடாதாம். "வழியில ஆத்துல விட்டுட்டுப் போ" என்றாள்.

தொழுவத்தில் உட்காரவைத்தேன், அதுவும் பயத்தில். வண்டியில் ஏற்றி அனுப்பினேன், அதுவும் பயத்தில். மூன்றாவது தடவையாக, ஒரு பூவில் உன்னை வெளியே நிறுத்தினேன். அம்மன் சொன்னாள் என்று அவர்கள் சொல்கிறார்கள். எனக்குத் தெரியும், நான் கட்டிய வெள்ளைதான் வந்தது.

சேலையை நான் ஆற்றில் விடவில்லை. இராஜபாளையம் கொண்டுவந்து என் பெட்டியில் வைத்திருக்கிறேன். வடிவு தினமும் திறந்து தொட்டுப் பார்க்கிறாள். முகத்தில் தழும்பு இருக்கிறது. கண் இரண்டும் நன்றாக இருக்கிறது. நேற்று, "பெரியம்மாவுக்கு வாங்குனத நான் கட்டிக்கிடட்டுமா?" என்று கேட்டாள். அத்தை பதறிப்போய், "அறுத்தவளுக்கு வாங்குனத வாயால கேக்காதட்டி!" என்று அவள் கையைத் தட்டிவிட்டார். பிள்ளை என்னைப் பார்த்தது. நான் பெட்டியை மூடினேன். ராத்திரி முழுக்க அந்தப் பார்வைதான்.

அக்கா, உனக்கு வாக்குக் கொடுக்கிறேன். வாக்கை எப்படிக் காப்பாற்றுகிறவள் நான் என்று உனக்குத் தெரியும். அதனால்தான் இந்தத் தடவை நாலு பேர் படிக்கக் கொடுக்கிறேன். உன்னைக் கட்டிக்கொடுத்த வயதில் வடிவைக் கட்டிக்கொடுக்க மாட்டேன். அவள் வளர்ந்து, விவரம் தெரிந்து, கல்யாணமாகிற நாளில், மணையில் உட்கார அவள் உடுத்தி வருகிற சேலை இந்த அரக்குச் சேலைதான். யார் சேலை என்று கூடத்தில் கேட்பார்கள். கேட்கட்டும். "எங்க அக்கா சண்பகத்தோட சேலை. இவ ஒடம்புல ஓடுறதே அவ உசுருதான். சேலை சுத்துனா என்ன?" என்று சொல்வேன். பயம் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். கை நடுங்கும். நடுங்குகிற கையாலேயே கொசுவத்தை மடித்துச் செருகிவிடுவேன்.

வடிவுக்கு உனக்கு அடுத்த தாயாகிய,
உன் தங்கை,
இராஜபாளையம்.